பெரிய கம்பெனி நம்மிடம் காசு கேட்டால்

கேம் விளையாடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். பல வருடமாகத் தொழிலில் இருக்கிற, லட்சக்கணக்கில் கேம் விற்ற ஒரு நிறுவனம், அடுத்த கேமை எடுக்க ரசிகர்கள் பணம் தர வேண்டும் என்று, மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் வந்து நிற்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? சேலத்தில் எங்கள் கூட்டத்தில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு இது பகல் கொள்ளை. இன்னொரு கட்சிக்கு, பள்ளிக்கூட வயதில் சோறு தண்ணி மறந்து விளையாடிய கேமுக்குச் செய்கிற கைம்மாறு. நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறவன். தொழில் புத்தியோ என்னவோ, கம்பெனி பெரிசா சின்னதா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நம் பணம் அங்கே போய் என்ன வேலை செய்கிறது என்றுதான் பார்ப்பேன்.

இது பெரிய அளவில் சூடு பிடித்தது 2012-ல். அந்த பிப்ரவரியில் டபுள் ஃபைன் என்ற நிறுவனம் பழைய பாணி அட்வென்ச்சர் கேம் ஒன்றுக்காக 4 லட்சம் டாலர் கேட்டது. எந்தப் பதிப்பாளரும் அந்த வகை கேமுக்குப் பணம் போடத் தயாராக இல்லாத நேரம். 33 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. போட்டவர்கள் 87 ஆயிரம் பேர். அடுத்த மாதமே இன்எக்ஸைல் நிறுவனம் வேஸ்ட்லேண்ட் 2 கேமோடு வந்தது. செப்டம்பரில் அப்சிடியன் நிறுவனம் வந்தது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. இனி பதிப்பாளர்கள் தேவையில்லை, ரசிகனும் கேம் எடுக்கிறவனும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நம்பினோம்.

எங்கள் கூட்டத்தில் அப்போது கிரெடிட் கார்டு வைத்திருந்தவன் ஒரே ஒருத்தன், பெங்களூர் ஐடி வேலைக்காரன். வார விடுமுறைக்கு அவன் ஊருக்கு வந்தால் தட்டுவடை செட் கடை வாசலில் நின்றபடி, எந்த கேமுக்கு எவ்வளவு என்று சொல்லிக் கையில் எண்ணிக் கொடுப்போம். அவன் ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ் ஏறுவதற்குள் எல்லாருக்கும் பிளெட்ஜ், அதாவது இவ்வளவு தருகிறோம் என்ற உறுதி, போட்டு முடித்திருப்பான். அப்படிப் போட்டதில் சில கேம்கள் வந்தன, நன்றாகவே இருந்தன. வீட்டு பிராட்பேண்டு பிளானில் ராத்திரி 2 மணிக்கு மேல் டவுன்லோடு கணக்கில் சேராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடை ஓட விட்டுவிட்டு மறுபடி படுத்தது இன்னமும் நினைவிருக்கிறது.

இந்தியாவில் இருந்து பணம் போடுகிறவனுக்கு மட்டும் தனியாக ஒரு நஷ்டக் கணக்கு உண்டு. வெளிநாட்டு ரசிகர்கள் எழுதுகிற எதிலும் இது வராது. 2015 கடைசியில், கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. நம் ஊருக்கு ஏற்ற மாதிரி, அமெரிக்க விலையை விடக் குறைவாகவே பல நிறுவனங்கள் விலை வைத்தன. ஆனால் அதற்கு முன்பே பிளெட்ஜ் போட்டவன் டாலரில் போட்டவன். அவனுக்கு ஊர் விலை கிடையாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், டாலருக்கு உரிய ரூபாய், அதன் மேல் அந்நியச் செலாவணிக்கு பேங்க் எடுக்கும் 3.5 சதவீதம் மாதிரி ஒரு தொகை, அந்தத் தொகைக்கு மேல் வரி என்று வரிசையாக இருக்கும். கேம் வெளிவந்த அன்று, ஒரு பைசா முன்னால் கொடுக்காத பக்கத்து வீட்டுப் பையன் என்னை விடக் குறைந்த விலைக்கு அதே கேமை வாங்கினான். டிசம்பர் தள்ளுபடியில் அதிலும் பாதி. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'முன்கூட்டியே போட்டால் மலிவாகக் கிடைக்கும்' என்று பிரச்சாரப் பக்கத்தில் எழுதியிருப்பது அமெரிக்காக்காரனுக்கு எழுதியது, அம்மாப்பேட்டைக்காரனுக்கு எழுதியது இல்லை.

பெட்டி, துணி வரைபடம், சிலை மாதிரியான சாமான்கள் வரும் பிளெட்ஜ் என்றால் கதை இன்னும் நீளும். எங்களில் ஒருத்தன் வீடு ஏற்காட்டில். அப்பாவுக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. அவன் ஆசைப்பட்டுப் பெட்டி வரும் பிளெட்ஜாகப் போட்டான். கேம் வந்து, அதை விளையாடி முடித்து, அவன் மறந்தே போன பிறகு போஸ்ட் ஆபீஸில் இருந்து ஆள் வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, மேலே கஸ்டம்ஸ் சீட்டு ஒட்டியிருந்தது. வரியைக் கட்டினால்தான் கையில் தருவார்கள். கட்டிவிட்டுப் பிரித்தோம். மடித்து வைத்த துணி வரைபடம், ஒரு சின்னப் புத்தகம், ஒரு டிவிடி. அந்த வீட்டு லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது. ஏற்காட்டு ஈரத்தில் வரைபடம் இப்போது பூசணம் பிடித்துவிட்டது, அது வேறு விஷயம். ஷிப்பிங் கட்டணம், வரி எல்லாம் சேர்த்தால் அந்தப் பெட்டி ஒரு கேமின் விலையைத் தாண்டிவிட்டது. சாமான் வேண்டும் என்றால் அதையும் கூட்டித்தான் பிளெட்ஜை முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் அத்தை இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு பெரிய நகைக்கடையில் சீட்டு உண்டு. மாதாமாதம் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டி, சீல் போட்டு வாங்கி வருவார். ஒரு நாள் என்னைப் பிடித்துக் கேட்டார்.

"ஏன்டா, அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட காசே இல்லையா?"

"இருக்கும் அத்தை."

"அப்புறம் எதுக்கு உன்கிட்ட வாங்கறான்? சரி, எப்ப பொருளைத் தருவான்?"

"ரெண்டு வருஷத்துல தர்றதா சொல்லியிருக்காங்க. முன்ன பின்ன ஆகும்."

"தரலைன்னா?"

"அவங்ககிட்டத்தான் கேக்கணும்."

"நல்லா வித்து லாபம் வந்தா உனக்கு என்ன தருவான்?"

"லாபம் அவங்களுக்கு. எனக்கு கேம் வரும். கடைசில என் பேரு போடுவாங்க."

அத்தை பாஸ் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டே, "பதினோரு மாசம் கட்டுனா எனக்கு சேதாரத்துலயாவது கழிப்பான்" என்றார்.

சிரித்துவிட்டு விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நகைச்சீட்டும் வசதியான ஒரு பெரிய கடை வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குவதுதான். ஏன் பதினோரு மாதம்? நிறுவனச் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகளில், பொருளுக்கு வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைத் தந்து கணக்கை முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும், அதற்கு வேறு கெடுபிடி. அதனால்தான் கடைகள் ஒரு வருடத்துக்குள் முடித்துக்கொள்கின்றன. அத்தனை இருந்தும் நகைச்சீட்டில் ஏமாந்த குடும்பங்கள் நம் பக்கம் கொஞ்சமில்லை. கிக்ஸ்டார்ட்டரில் அந்த ஒரு வருடக் கட்டும் இல்லை, சேதாரக் கழிவும் இல்லை. ஒப்பந்தம் பணம் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் இடையில்தான், நடுவில் இருக்கும் தளம் பணத்தைத் திருப்பித் தராது என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. 'கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லை' என்று 2012-லேயே தலைப்புப் போட்டுச் சொன்னார்கள். சேருகிற பணத்தில் 5 சதவீதம் அவர்களுக்கு, பணப் பரிமாற்றச் செலவு தனி.

அதற்குப் பிறகு எந்த கேம் காசு கேட்டு வந்தாலும், நாம் யாருமே போடாவிட்டால் இந்த கேம் நின்றுவிடுமா என்று முதலில் பார்ப்பேன்.

அப்சிடியனுக்கு 2012-ல் அது நின்றிருக்கும். மைக்ரோசாஃப்டுக்காக எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கேம் அந்த வருடம் பாதியில் ரத்தாகி, நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 11 லட்சம் டாலர் கேட்டார்கள், ஏறக்குறைய 40 லட்சம் வந்தது. 2015 மார்ச்சில் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி வெளிவந்தது. பெயர் பெற்ற நிறுவனம்தான், ஆனாலும் ரசிகர் பணம் அங்கே நிஜமாகவே சம்பளமாகப் போனது. எங்கள் கூட்டத்தின் 'பகல் கொள்ளை' கட்சிக்கு நான் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

இன்னொரு வகையில் நம் பணம் கேமை எடுப்பதில்லை, சாட்சி சொல்கிறது. கோனாமி நிறுவனத்தில் காசில்வேனியா கேம்களை எடுத்த இகராஷி, அங்கிருந்து விலகி 2015-ல் பிளட்ஸ்டெயின்டு கேமுக்கு 5 லட்சம் டாலர் கேட்டார். அந்தப் பணத்தில் அந்த கேமை எடுக்க முடியாது. மீதியைப் போட ஆள் தயாராக இருக்கிறார்கள், ஆனால் இந்த வகை கேமை வாங்க ஆள் உண்டு என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். 55 லட்சம் வந்தது. 2017-ல் வருவதாக இருந்த கேம் 2019 ஜூனில் வந்தது, நன்றாகவும் வந்தது. நடுவில் வீ யூ, வீட்டா என்ற இரண்டு கேம் கருவிகளுக்கான பதிப்பும் கைவிடப்பட்டன. சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தே போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குறைந்த தொகையில் சாட்சி சொல்லலாம், அவ்வளவுதான்.

அதே 2015 ஜூனில், சோனி புது கேம்களை அறிவிக்கும் மேடையில் ஷென்மூ 3 அறிவித்தார்கள். நம் ஊரில் காலை ஏழு மணிவாக்கு. வேலைக்குக் கிளம்பாமல் பல் குச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடமாக நின்றுபோயிருந்த தொடர். கேட்டது 20 லட்சம் டாலர், அது அன்றைக்கே சேர்ந்து, முடிவில் 63 லட்சத்தைத் தொட்டது. உலகத்தின் மிகப் பெரிய கேம் நிறுவனங்களில் ஒன்று தன் மேடையைத் தருகிறது, ரசிகனிடம் பணமும் கேட்கிறார்கள் என்றால், மீதிப் பணம் எங்கிருந்து என்று அப்போதே பலர் கேட்டார்கள். சோனியும் தயாரிப்பில் உதவுகிறது என்பது பிறகுதான் தெளிவானது. மேடையில் கண் கலங்கியவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை, எனக்கும் கலங்கியது. ஆனால் நாம் கலங்கி நிற்கும் நேரம் பார்த்துத்தான் கணக்குக் காட்டாமல் கேட்கிறார்கள்.

மூன்றாவது வகையில் நம் பணத்துக்கு வேலையே இல்லை. மைட்டி நம்பர் 9 எடுத்துக்கொண்டிருந்த கம்செப்ட் நிறுவனம், அது வெளிவருவதற்கு முன்பே 2015-ல் ரெட் ஆஷ் என்ற இன்னொரு கேமுக்கு 8 லட்சம் டாலர் கேட்டு வந்தது. வசூல் நடந்துகொண்டிருக்கும்போதே, ஃபியூஸ் என்ற சீன நிறுவனம் கேமுக்கான முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது என்று அறிவித்தார்கள். சரி, பிறகு எங்கள் பணம் எதற்கு? கூடுதல் சரக்கு சேர்க்க என்றார்கள். ரசிகர்கள் நம்பவில்லை, இலக்கை எட்டாமல் தோற்றது. எங்கள் ஆட்கள் விவரமானவர்கள்தான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை.

மைட்டி நம்பர் 9 பற்றியும் ஒரு வார்த்தை. கேப்காம் நிறுவனத்தில் மெகா மேன் கேம்களோடு பேசப்பட்ட இனாஃபுனே என்ற பெயருக்காக 2013-ல் 38 லட்சம் டாலர் போட்டார்கள். தேதி பலமுறை தள்ளி 2016-ல் வந்து அடி வாங்கியது. பெயர் பெற்ற ஆள் வேறு, பெயர் பெற்ற கம்பெனி வேறு. ஆள் விலகி வந்தால் அவர் பெயர் கூட வரும். அந்தப் பழைய கேம்களை உட்கார்ந்து எழுதிய பத்து முப்பது பேர் கூட வரமாட்டார்கள். பிரச்சாரப் பக்கத்தில் குழு என்று இருக்கும் இடத்தில் எத்தனை முகம், அவர்கள் முன்பு எதில் என்ன வேலை செய்தார்கள் என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

பணம் அதிகம் சேர்ந்தால் நல்லது என்று நினைப்போம். அதுவும் நிச்சயமில்லை. டபுள் ஃபைன் கேட்டதைப் போல எட்டு மடங்கு கிடைத்ததும் கேமைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பணம் போதாமல் 2013-ல் கேமை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை விற்ற காசில் மறுபாதியை முடிக்கப்போவதாகச் சொன்னார்கள். புரோக்கன் ஏஜ் முதல் பாதி 2014 ஜனவரியில், இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில். ஸ்டார் சிட்டிசன் என்ற கேம் 2014-ல் வருவதாகச் சொல்லி 2012-ல் வசூலை ஆரம்பித்தது. 70 கோடி டாலரைத் தாண்டியும் முழுமையான வெளியீடு வரவில்லை. 'இன்னும் இவ்வளவு சேர்ந்தால் இதையும் சேர்ப்போம்' என்று பக்கத்தின் கீழே ஏணி மாதிரி ஒரு படம் போட்டிருப்பார்களே, ஸ்ட்ரெட்ச் கோல், அது நீளமாக இருந்தால் நான் ஒதுங்கிவிடுவேன்.

பெரிய நிறுவனங்களிடம் எனக்கு உள்ள பெரிய மனக்குறை தாமதம் இல்லை, பேச்சு மாறுவது. சின்னக் குழு தள்ளாடினால் பணமில்லாமல் தள்ளாடும். பெரிய நிறுவனத்துக்கு நடுவில் வேறு நல்ல வியாபாரம் கிடைத்துவிடும். ஷென்மூ 3 கேமுக்கு ஸ்டீம் கீ, அதாவது ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீடு, வரும் என்று நினைத்துப் போட்டவர்களிடம், 2019-ல் கணினிப் பதிப்பு போட்டிக் கடையான எபிக்கில்தான் முதலில் என்றார்கள். ஃபீனிக்ஸ் பாயிண்ட் கேமிலும் அதே வருடம் அதே கதை. சத்தம் பெரிதானதும் பணத்தைத் திருப்பித் தர வழி செய்தார்கள். எலைட் டேஞ்சரஸ் எடுத்த ஃபிரான்டியர், பல வருட அனுபவமுள்ள பிரிட்டிஷ் நிறுவனம். இன்டர்நெட் இல்லாமலும் விளையாடலாம் என்று வசூலின்போது சொல்லிவிட்டு, வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்னால், 2014 நவம்பரில், அது கிடையாது என்றது. மழை பெய்தால் நெட் போய்விடும் மலை ஊரில் இருப்பவனுக்கு அது சின்ன விஷயமா? ஏற்காட்டு நண்பன் இப்போதெல்லாம் ஆஃப்லைன் என்ற சொல்லைத் தேடிவிட்டுத்தான் மற்றதைப் படிப்பான்.

அப்புறம், கம்பெனியை விற்கும் விஷயம். அப்சிடியனையும் இன்எக்ஸைலையும் 2018-லும், டபுள் ஃபைனை 2019-லும் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஓக்குலஸ் என்ற மெய்நிகர் கண்ணாடிக்கு 2012-ல் 24 லட்சம் டாலர் போட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 2014-ல் ஃபேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் கூட்டத்தில் இதற்கு ரொம்பக் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நாம் பங்கு வாங்கவில்லை, யாரும் பங்கு தருவதாகச் சொல்லவும் இல்லை. கேம் வந்தது, விளையாடினோம், தீர்ந்தது கணக்கு. ஆனால் 'பெரிய முதலாளி வேண்டாம், நாமே நமக்கு' என்று யாராவது வீடியோவில் உருகினால் மட்டும், ஒலியைக் குறைத்துவிட்டு எழுத்தைப் படிக்கிறேன்.

போன மாதம் அக்கா பையன் இதே கேள்வியோடு வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஒரு பெரிய நிறுவனத்தின் பிளெட்ஜ் பக்கத்தைக் காட்டி, "மாமா, உங்க கார்டைத் தாங்க, காசு தந்துடறேன்" என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். இடர்கள் என்று ஒரு பகுதி எல்லாப் பக்கத்திலும் கட்டாயம் இருக்கும். எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அங்கே மூன்று வரி, மூன்றிலும் 'எங்கள் அனுபவம்' என்ற சொல். மொத்தச் செலவு எவ்வளவு, நாம் தருவது அதில் எத்தனை பங்கு என்று எங்குமே இல்லை. கேமின் ஓடுகிற காட்சி இல்லை, ஓவியங்கள் இருந்தன. சிலைக்கு மட்டும் நான்கு கோணத்தில் படம்.

"இவங்க எப்படியும் இதை எடுத்துடுவாங்கடா" என்றேன்.

"அப்ப நான் வெயிட் பண்றேன் மாமா, ஸ்டீம்ல வரட்டும்."

அவன் வயசுக்கு அதற்கு வழியும் இருக்கிறது, எங்களுக்கு 2012-ல் இருந்ததில்லை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வேலை முடிவதற்கு முன்பே கேமை விற்கும் ஏர்லி ஆக்சஸ் முறைக்கும் இந்த விதி உண்டு. லேரியன் நிறுவனம் டிவினிட்டி ஒரிஜினல் சின் இரண்டு கேமுக்கும் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது, இரண்டையும் கொடுத்தது. பால்டர்ஸ் கேட் 3 வந்தபோது வசூலுக்குப் போகவில்லை, 2020-ல் ஏர்லி ஆக்சஸில் விற்று 2023-ல் முடித்தது. வளர்ந்த நிறுவனத்துக்கு இதுதான் மரியாதை என்பது என் அபிப்பிராயம். கொடுத்த அன்றே கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பலாம்.

சிலைக்கு வைத்திருந்த காசை என்ன செய்வது என்று கேட்டான். புனேயில் ஒரு சின்னக் குழு ராஜி என்ற கேமுக்கு 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டு, இலக்கை எட்ட முடியாமல் தோற்று, எப்படியோ தட்டுத்தடுமாறி 2020-ல் வெளியிட்டார்கள் என்று சொன்னேன். யாரும் போடாவிட்டால் நின்றுவிடக்கூடிய கேம்கள் அந்த மாதிரிதான் இருக்கும். தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். விளையாடிப் பார்க்க டெமோ தருகிறவர்களாக இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன்.

கார்டையும் கொடுத்திருக்கிறேன், இரண்டு விஷயம் சொல்லி. பிளெட்ஜ் போட்ட உடனே பணம் போகாது. கெடு முடியும் நாளில் இலக்கு எட்டினால்தான் எடுப்பார்கள். அதற்குள் மனசு மாறினால் ரத்து செய்துகொள்ளலாம், அதனால் கெடு முடிய இரண்டு நாள் முன்னால் அந்தப் பக்கத்தை மறுபடி ஒரு முறை படித்துவிட வேண்டும். இன்னொன்று, பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, பிளெட்ஜ் தொகையோடு பேங்க் கட்டணத்தையும் சேர்த்து வரம்பு வைத்து, பணம் போனதும் மூடிவிட வேண்டும். அதை மூடுகிற வேலை என்னுடையது, அவனை நம்பி விடவில்லை.